நெஞ்சுச் சளியும் நுரையீரல் நீரும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

பனி விலகி வேலூரில் வெயில் தலைகாட்டத் தொடங்கியிருக்கும் இந்த நாள்களில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சளி, இருமல், நுரையீரலில் நீர் ஆகியவை பற்றியே கேட்டிருந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சில கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

என் தந்தைக்கு 58 வயது. முப்பது ஆண்டுகளாகப் பீடி குடித்தவர், இரண்டு மாதங்களுக்கு முன்பு நிறுத்திவிட்டார். நிறுத்திய பிறகுதான் இருமலும் சளியும் அதிகமாகிவிட்டன. "பழகின உடம்பு, திடீரென்று விட்டால் சளி கட்டத்தான் செய்யும், நாளைக்கு இரண்டு பீடியாவது குடிக்கட்டும்" என்று சித்தப்பா சொல்கிறார். என்ன செய்வது?
– வாசகி, குடியாத்தம்

சித்தப்பாவின் கணக்கு தலைகீழானது. பீடியை விட்டதால் சளி சேரவில்லை. இத்தனை காலம் வெளியே வர வழியில்லாமல் உள்ளே கிடந்த சளி இப்போதுதான் மேலேறத் தொடங்கியிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள மூச்சுக்குழலின் உட்சுவரைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

அந்தச் சுவரில் இருக்கும் பெரும்பாலான செல்களின் தலையில் குறுயிழைகள் என்னும் நுண்ணிய மயிர்கள், செல் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 வீதம், நட்டு முடித்த வயலின் நாற்றைப் போல நிற்கின்றன. ஒவ்வொன்றின் நீளமும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நாற்றைப் போலவே இவையும் ஒரு மெல்லிய நீர்ப்படலத்தில் கால் நனைந்துதான் நிற்கின்றன. அந்த நீருக்கு மேலே, காய்ச்சிய பாலில் ஏடு படிவதைப் போலச் சளி மிதக்கிறது. குறுயிழை தொண்டையை நோக்கி வீசும்போது விறைத்து நிமிர்ந்து ஏட்டைத் தள்ளுகிறது. திரும்பும்போது வளைந்து, ஏட்டைத் தொடாமல் நீருக்குள்ளேயே பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. வினாடிக்கு 10 முதல் 20 முறை வரை இப்படி வீசுகிறது, உறங்கும்போதும்தான். நாம் ஒரு நாளில் உள்ளே இழுக்கும் சுமார் 10,000 லிட்டர் காற்றோடு வரும் தூசியும் கரியும் கிருமியும் அந்த ஏட்டில் ஒட்டிக்கொள்ள, நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் அது மேலேறித் தொண்டைக்கு வருகிறது. நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம்.

பீடிப் புகை இந்த வேலையை இரண்டு வகையில் கெடுக்கிறது. குறுயிழைகளை முதலில் மந்தப்படுத்தி, ஆண்டுக்கணக்கில் தொடரும்போது உதிர்த்தே விடுகிறது. அதே சமயத்தில் சளி சுரக்கும் செல்களைப் பெருக வைக்கிறது. சரக்கு கூடுகிறது, தூக்குகிற ஆள் குறைகிறது. மிச்சமிருக்கும் ஒரே வழி இருமல்தான் என்பதால், பழைய புகைப்பாளர்கள் காலையில் எழுந்ததும் கால்மணி நேரம் இருமிய பிறகே பேச்சுக்கு வருகிறார்கள். புகையை நிறுத்திய சில வாரங்களில் குறுயிழைகள் மெல்ல மீள்கின்றன. தேங்கிய சளியை அவை தள்ளத் தொடங்கும்போது இருமல் கொஞ்ச காலம் கூடுவது உண்டு. அடுத்து வரும் மாதங்களில் அது குறைந்துகொண்டே போக வேண்டும். இந்த நேரத்தில் இரண்டு பீடி கொடுப்பது, வேலைக்குத் திரும்பிய ஆளின் கையைக் கட்டிப்போடுவதற்குச் சமம். பீடி சிகரெட்டை விடத் தீங்கு குறைந்தது என்று நம் பக்கத்தில் பலர் நம்புவதும் தவறு.

ஆனாலும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகள் புகைத்தவரின் இருமலை "நிறுத்தியதால் வந்தது" என்று மட்டும் எண்ணி விட்டுவிடக் கூடாது. சளியில் இரத்தம், எடை குறைவு, மாலைக் காய்ச்சல், குரல் கம்மல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், இருமல் இரண்டு மாதங்களாகத் தொடர்வதால், ஒரு மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

என் நான்கு வயது மகன் சளியைத் துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுகிறான். வயிற்றுக்குக் கெடுதலா?
– வாசகி, வாலாஜாபேட்டை

இல்லை, அம்மா. உடல் நலமாக இருக்கும் நீங்களும் நானும் நாள் முழுவதும் விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். சளியில் பெரும்பகுதி நீர். உடன் வரும் கிருமிகளில் மிகப் பெரும்பாலானவற்றை இரைப்பையின் அமிலம் அழித்துவிடும். சளியிலேயே கிருமிக்கொல்லிப் பொருள்கள் உண்டு. பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, மூக்குச் சளியில் பாக்டீரியாவைக் கரைக்கும் லைசோசைம் என்ற பொருள் இருப்பதைக் கண்டு 1922இல் வெளியிட்டார். சளி பிடித்த பிள்ளை சில சமயம் வாந்தியோடு கொழகொழவென்று வெளியே தள்ளுவதும் விழுங்கிய சளிதான். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. மூச்சு வாங்குகிறதா, விலா எலும்புகளுக்கு இடையே தசை உள்ளிழுக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஜல்லி கிரஷரில் எட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுப்பார்கள். அது நெஞ்சில் உள்ள தூசியை இறக்கிவிடும் என்பார்கள். முகத்தில் துண்டு கட்டிக்கொள்கிறேன். இது போதுமா?
– வாசகர், வேலூர் அருகே

போதாது. சில ஆண்டுகளுக்கு முன்பு உங்களைப் போலவே கிரஷரில் வேலை செய்த ஒருவர் என்னிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்து எக்ஸ்ரேச் சீட்டை எடுக்கும்போது, காகிதத்தில் மடித்த வெல்லத் துண்டும் கூடவே மேசையில் விழுந்தது. இமை மயிரில் வெள்ளைத் தூசி படிந்திருந்தது. கழுவிவிட்டு வந்ததாகத்தான் சொன்னார். வெல்லம் உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்குப் போகிறது. தூசி இருப்பதோ மூச்சுக்குழலின் கடைசி எல்லையில். இரண்டும் தொண்டையில் பிரிந்த பிறகு சந்திப்பதே இல்லை. களைத்த உடம்புக்கு இனிப்பு தெம்பு தரும், எச்சில் ஊறித் தொண்டை நனையும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

கண்ணுக்குத் தெரியும் தூசியைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. 10 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட பெரிய துகள்களை மூக்கே பிடித்துவிடும். அதைத் தாண்டியவற்றில் பலவற்றை, முதல் பதிலில் சொன்ன குறுயிழைகள் ஒரு நாளுக்குள் ஏற்றி அனுப்பிவிடும். ஐந்து மைக்ரானுக்கும் சிறிய துகள்தான் ஆபத்து. தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்தத் துகள், மூச்சுக்குழல் கிளைகளின் நுனியில் உள்ள காற்று நுண்ணறை வரை போய் உட்கார்ந்துவிடுகிறது. அங்கே குறுயிழை கிடையாது. அந்த அறையின் சுவரைக் கடந்துதான் ஆக்சிஜன் இரத்தத்துக்குப் போக வேண்டும் என்பதால், சுவர் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த கனத்தில் இருக்கிறது. சளி பூசினால் மூச்சே அடைத்துப்போகும். ஆகவே அங்கே காவலுக்கு இருப்பவை பெருவிழுங்கு செல்கள் மட்டுமே. அவை சுவரில் ஊர்ந்து திரிந்து, கிருமியோ கரியோ கண்டால் சூழ்ந்து விழுங்கி, உள்ளே செரித்துவிடுகின்றன. செரிக்க முடியாத கரித்துகளைச் சுமந்துகொண்டு மூச்சுக்குழலுக்கோ நிணநீர் முடிச்சுக்கோ போய்விடுகின்றன.

கருங்கல்லில் உள்ள சிலிக்காவிடம் இந்த ஏற்பாடு தோற்றுப்போகிறது. விழுங்கிய சிலிக்காத் துகள் அந்தச் செல்லின் செரிமானப் பைகளைக் கிழித்து, செல்லையே கொன்றுவிடுகிறது. செல் சாகும்போது சிந்தும் பொருள்கள் சுற்றிலும் அழற்சியை மூட்டுகின்றன. வெளியே விழுந்த துகளையோ அடுத்த செல் வந்து விழுங்கி, அதுவும் சாகிறது. துகள் கரைவதில்லை, தேய்வதில்லை. இப்படி ஆண்டுக்கணக்கில் நடந்த இடங்களில் தழும்புத் திசு முடிச்சு முடிச்சாகக் கட்டி, நுரையீரல் விறைத்துப்போகிறது. இதுவே சிலிக்கோசிஸ். பெரும்பாலும் பத்தாண்டு வேலைக்குப் பிறகே எக்ஸ்ரேயில் தெரியும். வேலையை விட்ட பிறகும் முற்றிக்கொண்டு போகலாம். தழும்பைக் கரைக்கும் மருந்து இல்லை. காவல் செல்கள் செத்துக் குறைந்த நுரையீரலில் காசநோய்க் கிருமி எளிதில் குடியேறும் என்பது இதனினும் கொடிய பின்விளைவு.

நீங்கள் எட்டாம் ஆண்டில் இருக்கிறீர்கள். செய்வதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. துண்டின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சிலிக்காத் துகளுக்குத் தேர்வீதி போன்றது. 0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கும் என்95 முகக்கவசம், முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால் மட்டுமே பயன்படும். தாடி இருந்தால் பொருந்தாது. அதைவிடவும் பெரிய பயன், அரவை வாயிலும் கல் கொட்டும் இடத்திலும் தண்ணீர் தெளித்துத் தூசியை எழும்ப விடாமல் அடக்குவதில் இருக்கிறது. அது உங்கள் கையில் இல்லை, முதலாளியின் கையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். சிலிக்கோசிஸ் சட்டப்படி அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று என்பதை அவருக்கு நினைவூட்டலாம். ஆண்டுக்கு ஒரு முறை மார்பு எக்ஸ்ரேயும் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையும் செய்துகொண்டு, பழைய படங்களைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும்.

என் மாமனாருக்கு நுரையீரலில் நீர் கோத்திருப்பதாகச் சொல்லி, முதுகில் ஊசி போட்டு ஒரு லிட்டருக்கு மேல் எடுத்தார்கள். எதிர்வீட்டுப் பெரியவருக்கும் நுரையீரலில் நீர் என்றுதான் சொன்னார்கள். ஆனால் ஊசி போடாமல், சிறுநீர் அதிகம் போகும் மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரே நோய்க்கு ஏன் இரண்டு வைத்தியம்?
– வாசகி, ஆற்காடு

நல்ல கேள்வி. குழப்பத்துக்குக் காரணம் மருத்துவர்களாகிய நாங்கள்தான். இரண்டு வேறு நோய்களுக்கு "நீர் கோத்திருக்கிறது" என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்திவிடுகிறோம்.

உங்கள் மாமனாருக்கு நீர் சேர்ந்தது நுரையீரலுக்கு உள்ளே அன்று, வெளியே. நுரையீரலைச் சுற்றி ப்ளூரா என்னும் இரட்டை உறை இருக்கிறது. இரண்டு ஏடுகளும் உரசாமல் வழுக்குவதற்காக நடுவே எப்போதும் இரண்டு மூன்று தேக்கரண்டி நீர் இருக்கும். அது ஓயாமல் ஊறும். வெளி ஏட்டில் உள்ள நிணநீர்த் துளைகள் அதை ஓயாமல் உறிஞ்சிக்கொள்ளும். காசநோயாலோ நிமோனியாவாலோ புற்றுநோயாலோ உறை அழற்சியுற்றால் ஊற்று பெருகும், வடிகால் அடையும். அப்போது நீர் லிட்டர் கணக்கில் தேங்கி, நுரையீரலை ஒரு பக்கமாக அமுக்குகிறது. இந்த நீர் ஒரே இடத்தில் குளம் போல நிற்பதால், ஊசியால் எடுக்க முடியும். ஒரே முறையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுக்காமல் நிறுத்துவது வழக்கம். அமுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் சுரந்துவிடக்கூடும்.

இந்தக் குளத்தை விரலாலேயே கண்டுபிடிக்கலாம். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதே வித்தைதான். இடக்கை நடுவிரலை முதுகில் அழுத்தி வைத்து, வலக்கை நடுவிரலால் அதன் மேல் தட்டிக்கொண்டே கீழே இறங்கினால், காற்று உள்ள இடத்தில் கணீரென்று ஒலிக்கும். நீரின் மேல்மட்டத்தைத் தொட்டதும் தொடையில் தட்டியதைப் போல மொத்தென்று ஆகிவிடும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த லியோபோல்ட் அவன்ப்ரூகர் என்ற மருத்துவர் 1761இல் இந்த முறையை வெளியிட்டார். விடுதி நடத்தியவரின் மகன் அவர். எக்ஸ்ரே வருவதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேல் முந்திய அந்த முறையை இன்றும் நான் நாள்தோறும் செய்கிறேன்.

எதிர்வீட்டுப் பெரியவரின் கதை வேறு. அவருக்கு நீர் காற்று நுண்ணறைகளுக்கு உள்ளேயே கசிந்திருக்கிறது. இடப்பக்க இதயம் பலவீனமானால், அல்லது அதன் வால்வு சுருங்கியிருந்தால், நுரையீரலிலிருந்து திரும்பும் இரத்தம் தேங்கி, நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் கசிகிறது. சாதாரணமாகவும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். நிணநீர்க் குழாய்கள் அதை வடித்துவிடும். நுண்ணறைச் செல்களும் சும்மா இருப்பதில்லை; உள்ளே உள்ள நீரிலிருந்து சோடியம் உப்பை இறைத்து மறுபக்கம் தள்ளுகின்றன. மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசறினால் நீர் வெளியே வருகிறதல்லவா? உப்பு எங்கே மிகுதியோ அங்கே நீர் போகும். அதே விதிப்படி, தள்ளப்பட்ட உப்பின் பின்னாலேயே நீரும் நுண்ணறையை விட்டுப் போய்விடுகிறது. இந்த இரண்டு வடிகாலுக்கும் மிஞ்சிக் கசியும்போதுதான் மூச்சுத் திணறுகிறது; படுத்தால் கூடுகிறது, எழுந்து உட்கார்ந்தால் தணிகிறது. கோடிக்கணக்கான நுண்ணறைகளில் பரவிய நீரை எந்த ஊசி எடுக்கும்? சிறுநீர் பெருக்கி மாத்திரையால் இரத்தக் குழாயின் அழுத்தத்தைக் குறைத்தால், நுரையீரல் தானே உலர்ந்துகொள்கிறது.

தண்ணீர் அதிகம் குடித்ததாலோ தலைக்கு ஊற்றிக்கொண்டதாலோ இளநீர் குடித்ததாலோ இந்த இரண்டு நோயும் வருவதில்லை. இதய நோயாளி தண்ணீரையும் உப்பையும் அளவோடு கொள்ள வேண்டும் என்பது நோய் வந்த பிறகான பத்தியம். உங்கள் மாமனாரின் நீரைப் பரிசோதித்த முடிவைக் கேட்டு வாங்குங்கள். நம் நாட்டில் இப்படி ஒரு பக்கம் நீர் சேர்வதற்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். நீரை எடுத்ததும் மூச்சு இலகுவாகிவிட்டது என்று மருந்தை விட்டுவிடக் கூடாது.

அறுவை சிகிச்சையில் பிறந்த என் பேரன் முதல் இரண்டு நாள் வேகமாக மூச்சு விட்டான். பனிக்குடத் தண்ணீரைக் குடித்துவிட்டான் என்றார்கள். இப்போது நன்றாக இருக்கிறான். பின்னால் பாதிப்பு வருமா?
– வாசகர், ராணிப்பேட்டை

பெரும்பாலும் வராது. பையன் எதையும் குடித்திருக்க வேண்டியதில்லை. கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரல் தானே நீரைச் சுரந்து தன்னை நிரப்பி வைத்திருக்கும். பிரசவ வலி தொடங்கும்போது குழந்தையின் உடலில் அட்ரினலின் ஏறி, அதுவரை சுரந்துகொண்டிருந்த செல்களை உறிஞ்சும் செல்களாக மாற்றிவிடுகிறது. மேலே சொன்ன உப்பு இறைப்பு அப்போதுதான் முழு வேகத்தில் தொடங்குகிறது. வலி வருவதற்கு முன்பே அறுவை செய்து எடுத்தால் இந்த மாற்றம் சற்றுத் தாமதமாகும். நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு விட்டு, இரண்டு மூன்று நாளில் சரியாகும். வலியின் பயன்களில் இது ஒன்று என்பது தாய்மார்களுக்கு அதிகம் சொல்லப்படுவதில்லை.

என் மகளுக்கு 14 வயது. பிறந்ததிலிருந்தே மூக்கடைப்பு, சளி, அடிக்கடி காதில் சீழ். எக்ஸ்ரே எடுத்தபோது இதயம் வலப்பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, ஆரணி

இருக்க வாய்ப்புண்டு. சிலருக்குக் குறுயிழைகள் பிறவியிலேயே அசைவதில்லை. 1933இல் மானெஸ் கார்டகெனர் என்ற சுவிஸ் மருத்துவர், தீராத சளியும் சைனஸ் தொல்லையும் இடம் வலம் மாறிய உறுப்புகளும் ஒன்றாக வரும் நோயாளிகளை விவரித்தார். காரணம் நெடுங்காலம் தெரியவில்லை. 1976இல் பியோர்ன் அஃப்செலியுஸ் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர், குறுயிழைக்குள் இருக்கும் அசைவுப் புரதம் இல்லாமையே காரணம் என்று காட்டினார். கருவில் இதயம் இடப்பக்கம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதிலும் குறுயிழைகளின் வீச்சுக்குப் பங்கு உண்டு. வீச்சு இல்லாதபோது அது பூவா தலையா என்று ஆகிவிடுகிறது, பாதிப் பேருக்கு வலப்பக்கம் அமைந்துவிடுகிறது. உறுதிசெய்யும் பரிசோதனைகள் பெரிய மருத்துவமனைகளில்தான் உண்டு. நுரையீரல் நிபுணரிடம் காட்டுங்கள். அதுவரை, நாள்தோறும் இருவேளை சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்ளட்டும். இழை தள்ளாத சளியை இருமல் தள்ள வேண்டும். ஆகவே இருமலை அடக்கும் மருந்து அவளுக்குக் கூடாது.

நிமோனியாவுக்கு மருந்து முடித்து மூன்று வாரம் ஆகிறது. காய்ச்சல் இல்லை; ஆனால் எக்ஸ்ரேயில் இன்னும் நிழல் இருக்கிறது. மறுபடி ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டுமா?
– வாசகர், ஆம்பூர்

படத்துக்கு வைத்தியம் செய்யத் தேவையில்லை. கிருமி செத்தாலும் போர்க்களத்தைக் கூட்டிப் பெருக்க நாளாகும். செத்த வெள்ளணுக்களையும் உறைந்த புரதத்தையும் பெருவிழுங்கு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்க வேண்டும். இளைஞருக்கு ஒரு மாதம், ஐம்பதைத் தாண்டியவருக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். புகைப்பவராக இருந்தாலோ ஐம்பது வயதுக்கு மேற்பட்டவராக இருந்தாலோ ஆறு வாரம் கழித்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

ஆவி பிடித்தல், கற்பூரவல்லி, மிளகுப் பால்: இவற்றில் எது சளியைக் கரைக்கும்? பால் சளியைக் கூட்டுமா?
– வாசகி, பேரணாம்பட்டு

பால் சளியைச் சுரக்க வைப்பதில்லை. எச்சிலோடு கலந்து தொண்டையில் கொழகொழப்பாகத் தங்குவதால் அப்படித் தோன்றுகிறது. ஆவி மூக்குக்கும் தொண்டைக்கும் இதமளிக்கும், நெஞ்சுக்குள் ஆழமாகப் போகாது; கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன் என்பதால் சிறுவர்களுக்கு அதை நான் சொல்வதே இல்லை. கற்பூரவல்லியில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கற்பூரத் தைலம் வேறு. அதைக் குழந்தையின் மூக்கருகே தடவாதீர்கள், வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு இரவில் ஒரு தேக்கரண்டி தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. எல்லோருக்கும் பொதுவான மருந்து தண்ணீர்தான். உடலில் நீர் குறைந்தால் சளி இறுகும், இறுகிய சளியைக் குறுயிழையால் தூக்க முடியாது.

மூன்று வாரமாக இருமல். அரசு மருத்துவமனையில் சளி கேட்டார்கள். கொடுத்ததற்கு, "இது எச்சில், சளி இல்லை" என்று திருப்பிவிட்டார்கள். எப்படிக் கொடுப்பது?
– வாசகர், அணைக்கட்டு

பரிசோதனைக்குப் போனதே சரியான செயல். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல் யாருக்கு வந்தாலும் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரு காலத்தில் இந்த நோய்க்கு, மதனப்பள்ளி அருகே 1915இல் திறக்கப்பட்ட ஆரோக்கியவரம் சானடோரியம் போன்ற இடங்களில் மாதக்கணக்கில் தங்க வேண்டியிருந்தது. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு இணையாகக் குணமடைந்ததை 1959இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியது. இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை. அரசு மருத்துவமனையில் இலவசம்.

சளி கொடுக்கும் முறை இது. இரவில் குறுயிழைகள் மேலேற்றிச் சேர்த்து வைத்திருப்பதால் காலையில் எழுந்ததும் வருவதே சிறந்தது. பல் துலக்குவதற்கு முன்பு வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, திறந்த வெளியில் யாரும் அருகில் இல்லாத இடத்தில் நில்லுங்கள். மூச்சை ஆழமாக இழுத்துச் சில நொடிகள் நிறுத்தி மெல்ல விடுங்கள். இப்படி இரண்டு முறை. மூன்றாம் முறை ஆழமாக இழுத்து, தொண்டையிலிருந்து அல்லாமல் அடிவயிற்றிலிருந்து இருமுங்கள். நுரையாகவும் தெளிவாகவும் இருந்தால் எச்சில். கெட்டியாக, மஞ்சளாகவோ பழுப்பாகவோ டப்பாவின் சுவரில் ஒட்டி மெல்ல வழிந்தால் அது சளி. ஒரு தேக்கரண்டி போதும். மூடியை இறுக்கி மூடி, வெயிலில் வைக்காமல் அன்று காலையே கொண்டுபோய்க் கொடுங்கள்.